அடுத்த வசனம் தெரியும்

‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்த படம். கமல்ஹாசனுக்கு நான்கு வேடம். இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். வசனம் கிரேஸி மோகன். தியேட்டரில் பார்த்தவர்களே பிறகு வாடகைக் கேசட்டில் பார்த்தார்கள், டிவியில் போட்டபோது பார்த்தார்கள், விசிடியில் பார்த்தார்கள், இப்போது இணையத்தில் பார்க்கிறார்கள். சாம்பாருக்குள் மீன் விழப்போகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் அதை எப்படிச் சமாளிப்பார் என்பதும் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வசனத்தைச் சொல்லிவிடும் சித்தப்பா ஒருவர் பல வீடுகளில் உண்டு. அப்படியும் சிரிப்பு வருகிறது. சித்தப்பாவுக்குத்தான் அதிகமாக வருகிறது.

தகவல் கோட்பாட்டின்படி இது விசித்திரமான காரியம். ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதை, அது எவ்வளவு எதிர்பாராதது என்பதை வைத்து அளக்க 1948இல் வழி சொன்னவர் கிளாட் ஷானன். கட்டாயம் வரும் என்று முன்பே தெரிந்த செய்தியின் தகவல் பூஜ்யம் பிட். வசனம் முழுவதும் மனப்பாடமான படத்தில், இந்தக் கணக்குப்படி, பெறுவதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டரை மணி நேரம் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஷானனின் கணக்கில் பிழை கிடையாது. தெரிந்த படத்தைப் பார்க்கும்போது மூளை செய்யும் வேலை தகவல் சேகரிப்பது மட்டும்தான் என்று நினைப்பதில்தான் பிழை.

பார்ப்பவர்களுக்கே இது சரியாகத் தெரிவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஓபிரையன் 2019இல் வெளியிட்ட ஆய்வுகளில், அருங்காட்சியகம், திரைப்படம், வீடியோ கேம் என ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்த ஒன்றை மறுபடி அனுபவித்தால் எவ்வளவு ரசிப்பீர்கள் என்று மக்களிடம் கேட்டார். குறைவாகத்தான் ரசிப்போம் என்றார்கள். உண்மையிலேயே மறுபடி அனுபவித்தவர்களுக்கோ, எதிர்பார்த்த அளவுக்குச் சலிப்பு வரவில்லை. முதல் முறையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற நினைப்புதான் கணிப்பைக் கெடுக்கிறது.

எல்லாவற்றையும் பார்க்கவில்லை என்பதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. முதல் முறை பார்க்கும்போது நம் கண் பெரும்பாலும் இயக்குநரின் வசம் இருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் உரி ஹாசனும் அவருடைய சகாக்களும் ஐந்து பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ‘த குட், த பேட் அண்ட் த அக்லி’ படத்தின் முப்பது நிமிடங்களைக் காட்டினார்கள். 2004இல் வந்த முடிவு: தனித்தனியாகப் பார்த்த அந்த ஐந்து மூளைகளிலும் புறணியின் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கியது. இயக்குநர் செர்ஜியோ லியோன் முகத்தைக் காட்டினால் எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள், கையைக் காட்டினால் கையை.

இப்படி இழுத்துச் செல்லப்படும் கண் எதையெல்லாம் கோட்டைவிடும்? டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997இல் இதற்கென்றே ஒரு குறும்படம் எடுத்தார்கள். இரண்டு பெண்கள் மேஜையருகே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஷாட் மாறும்போதெல்லாம் ஏதோ ஒன்றும் மாறுகிறது: ஒருத்தியின் கழுத்துத்துணி மறைகிறது, தட்டுகளின் நிறம் வேறாகிறது. வேண்டுமென்றே செய்த ஒன்பது பிழைகள். பார்த்த பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் ஏதோ மாறியதுபோல இருந்தது என்றார். பிறகு, மாற்றங்கள் இருக்கின்றன, தேடுங்கள் என்று சொல்லியே மறுபடி போட்டுக் காட்டினார்கள். அப்போதும் சராசரியாக ஒன்பதில் இரண்டைத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு சின்ன உரையாடல் காட்சிக்கே இந்த நிலை என்றால், நான்கு கமல்ஹாசன்கள் ஒன்றாக வரும் உச்சக்காட்சியில் பின்னால் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எத்தனை முறை பார்த்தால் தெரியும்? கிரேஸி மோகனின் வசனத்தில் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இரண்டு போய்விடும். தியேட்டரில் அவை கைதட்டலில் மூழ்கின. வீட்டில்தான் பலருக்கு அவை முதன்முதலாகக் காதில் விழுந்தன.

ஆனால் விட்டதைப் பிடிப்பதற்காக மட்டும் நாம் மறுபடி பார்ப்பதில்லை. எதையும் விடாமல் பார்த்த காட்சியையும் தேடிப் போய்ப் பார்க்கிறோம். இங்கேதான் மூளையின் இன்னொரு வேலை வருகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வெஸ் ஆண்டர்சனின் ‘த கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்திலிருந்து வெட்டிய 90 நொடித் துண்டை ஒரே ஆட்களுக்கு ஆறு முறை காட்டியபோது ஸ்கேனர் பதிவுசெய்தவற்றை ஆராய்ந்தது. முதல் முறை, காட்சி மாறிய பிறகு மூளையின் செயல்பாடு மாறியது. அடுத்தடுத்த முறைகளில் அதே மாற்றம் முன்னதாகவே வரத் தொடங்கியது. திரையில் இன்னும் வராத காட்சியின் தடம் மூளைக்குள் தெரிந்தது. எல்லாப் பகுதிகளும் ஒரே தூரம் முன்னால் ஓடவில்லை. பார்வைக்கும் கேள்விக்கும் பக்கத்தில் உள்ள பகுதிகள் கொஞ்சம்தான் முந்தின. மூளையின் முன்புறத்தை நோக்கிப் போகப்போக எதிர்பார்ப்பும் கூடுதல் நொடிகளுக்கு நீண்டது. முந்திக்கொண்டு வசனம் சொல்லும் சித்தப்பாவின் வாய் செய்வதை, சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூளையும் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முந்தல் இன்பமாக இருக்கவேண்டிய அவசியம் என்ன? பாட்டைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று வழிகாட்டுகிறது. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர் குழுவினர், தங்களுக்கு மெய்சிலிர்க்கவைக்கும் பாட்டைத் தாங்களே எடுத்துவரும்படி ஆட்களிடம் சொன்னார்கள். அதாவது, பலமுறை கேட்ட பாட்டு. மெய்சிலிர்க்கும் அந்தக் கணத்தில் மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் டோபமின் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பாகவே, ‘இதோ வரப்போகிறது’ என்ற நிலையில், காடேட் என்னும் வேறொரு பகுதியில் சுரந்தது. 2011இல் வெளியான முடிவு இது. தெரிந்த பாட்டில் இன்பம் இரண்டு தவணையாகக் கிடைக்கிறது. முதல் தவணை எதிர்பார்ப்புக்கு. எப்போது வரும் என்றே தெரியாதவருக்கு அந்த முதல் தவணை எங்கிருந்து கிடைக்கும்? பாட்டுக்குச் சொன்னதைப் படத்துக்கும் அப்படியே நீட்டுவது என் ஊகம்தான். ஆனால் ரஜினி படத்தில் இடைவேளைக்கு முந்தைய சண்டைக்காகக் காத்திருக்கும் முகங்களைப் பார்த்தவர்கள் அதிகம் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திகில் படங்கள்தான் இன்னும் புதிர். முடிவு தெரிந்தும் நெஞ்சு ஏன் படபடக்கிறது? ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் இதைச் சோதிக்க, அமெரிக்கர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரலாற்று உண்மையை எடுத்துக்கொண்டார்: ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதி ஆனார். அவர் ஆவாரோ மாட்டாரோ என்று சந்தேகத்தைக் கிளப்பும்படி எழுதிய சிறு பத்தியைப் படிக்கவைத்துவிட்டு, ‘ஆனார், சரியா தவறா?’ என்று கேட்டார். பத்தியைப் படித்தவர்கள் பதில் சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொண்ட உண்மைகூடக் கதைக்குள் நுழைந்ததும் கொஞ்சம் ஆடிவிடுகிறது.

முடிவு தெரிந்தால் ரசனை கெடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கலிஃபோர்னியாவில் ஜொனாதன் லெவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டென்ஃபெல்டும் 2011இல் சிறுகதைகளை முடிவைச் சொல்லியும் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தபோது, முடிவு தெரிந்தவர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். நான்கே ஆண்டுகளில் பெஞ்சமின் ஜான்சனும் ஜூடித் ரோசன்பாமும் செய்த ஆய்வில், முடிவு தெரியாமல் படித்ததுதான் விறுவிறுப்பாக இருந்தது என்று வந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. விறுவிறுப்பு போகும், வேறொன்று வரும். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ 1954இல் பாட்டே இல்லாமல் வந்த கொலை மர்மப் படம். முதல் முறை, யார் சுட்டது என்று ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்படுகிறோம். இரண்டாம் முறை ஒரே ஒரு முகத்தைத்தான் பார்க்கிறோம். கேள்விகள் எழும்போது அந்த முகம் என்ன செய்கிறது, எங்கே கண்ணைத் தாழ்த்துகிறது, எந்தப் பதில் ஒரு கணம் தாமதமாக வருகிறது. அந்த நடிப்பில் பாதி இரண்டாம் முறை பார்ப்பவருக்காகவே செய்தது. யார் அந்த முகம் என்று இங்கே சொல்லமாட்டேன். லெவிட்டை நம்புகிறவர்கள் தேடித் தெரிந்துகொள்ளலாம்.

எந்தப் படமும் எத்தனை முறையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. வெறும் பழக்கமே பிடித்தத்தை வளர்க்கும் என்று 1968இல் ராபர்ட் ஸாயன்ஸ் அர்த்தமற்ற சொற்களையும் அறியாத முகங்களையும் திரும்பத் திரும்பக் காட்டி நிறுவினார். டேனியல் பெர்லைன் அதற்கு ஓர் எல்லை போட்டார்: பிடித்தம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும், எளிமையானது சீக்கிரம் சலிக்கும், சிக்கலானது நின்று சலிக்கும். திருப்பம் ஒன்றை மட்டுமே நம்பிய படங்கள் இரண்டாம் முறையிலேயே காலியாகிவிடுவதும், வசனமும் நடிப்பும் அடர்ந்த பழைய நகைச்சுவைப் படங்கள் முப்பது வருடம் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். இதையும் மீறி ஒரு வகை உண்டு. படம் சுமாராக இருக்கும். அதைப் பார்த்த காலம் நன்றாக இருந்திருக்கும். கிறிஸ்டல் ரஸ்ஸலும் சிட்னி லெவியும் 2012இல், பிடித்த புத்தகத்துக்கும் படத்துக்கும் ஊருக்கும் திரும்பத் திரும்பப் போகிறவர்களை நீளமாகப் பேட்டி கண்டார்கள். அவர்களில் பலர் தங்களைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். படம் மாறாமல் இருப்பதால், மாறியது தாம் என்று தெரிகிறது.

படம் மாறாமல் இருப்பதால் என்று எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்த படங்கள் அப்படி ஒன்றும் மாறாமல் இருந்ததில்லை.

ஜேவிசி நிறுவனம் 1976இல் கொண்டுவந்த வி.எச்.எஸ். கேசட்டில், சுழலும் உருளையில் பதித்த ஹெட் நாடாவை உரசியபடியேதான் படிக்கும். நம்மூர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். ஒரு காட்சியை நிறுத்திவைத்தால், நாடாவின் அந்த ஒரே இடத்தை அது திரும்பத் திரும்பத் தேய்க்கும். ஆகவே கேசட்டில் முதலில் கெடுவது பிடித்த காட்சிதான். வாடகைக் கேசட்டில் எந்த இடத்தில் கோடு விழுகிறது என்று பார்த்தே, முன்பு எடுத்துப் போனவர்களின் ரசனையைச் சொல்லிவிடலாம்.

வட்டு வந்ததும் உரசல் போயிற்று. படிப்பது ஒளி. வட்டின் பரப்பில் சுருளாக ஓடும் ஒற்றைத் தடத்தில் நுண்ணிய குழிகள். லேசர் கற்றை குழியிலும் சமதளத்திலும் பட்டு வெவ்வேறு அளவில் திரும்புவதைக் கருவி எண்களாக மாற்றுகிறது. எவ்வளவு சிறிய குழியைப் படிக்கமுடியும் என்பதை ஒளியின் அலைநீளமும் லென்ஸின் திறனும் தீர்மானிக்கின்றன. சிடியும் விசிடியும் படிக்கும் அகச்சிவப்பு லேசருக்கு 780 நானோமீட்டர். 1996இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடிக்கு 650, சிவப்பு. 2006இல் வந்த ப்ளூ-ரேக்கு 405, நீல ஊதா. அலை குறுகக் குறுகத் தடங்களையும் நெருக்கலாம்: 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி 0.74 ஆகி, பிறகு 0.32 ஆனது. ஒரு ப்ளூ-ரே அடுக்கின் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 27 கிலோமீட்டர் வரும். சென்னை கடற்கரையில் ஏறி மின்ரயிலில் தாம்பரத்தை நெருங்கிவிடும் தூரம்.

கீறல் விழுந்த வட்டும் ஓடுவதற்குக் காரணம் கணிதம். 1960இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் எழுதிய சின்னஞ்சிறு கட்டுரைதான் மூலம். ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளி போதும். நான்கு புள்ளிகளாகக் குறித்துவைத்தால், எவை இரண்டு அழிந்தாலும் மிச்சத்தைக் கொண்டு கோட்டை மறுபடி வரையலாம். நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை என்பதுதான் வித்தியாசம். சிடியில் இந்த ஏற்பாடு தொடர்ச்சியாக ஏறத்தாழ 4,000 பிட்கள், அதாவது தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அழிந்தாலும் ஈடுகட்டும். அதையும் தாண்டினால்தான் படம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

ஆசியாவில் பரவி அமெரிக்காவில் காலூன்றாத விசிடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1993இல் வந்தது. ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகள், வட்டுக்கு 74 நிமிடங்கள். நம் படங்களின் நீளத்துக்கு இரண்டு வட்டு, சில சமயம் மூன்று. இன்றைய 4கே சட்டகத்தில் அதைப்போல 82 மடங்கு புள்ளிகள். ஆனாலும் ஒரு தலைமுறை தன் பிடித்த படங்களை மனப்பாடம் செய்தது இந்த மங்கலில்தான். முதல் முறை பார்ப்பவருக்கு மங்கல் பெரிய தடையில்லை. கதை அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் மூன்றாம் முறை பார்ப்பவருக்குத்தான் தெளிவு வேண்டும். கதை பிடியை விட்டதால், சட்டகத்தின் ஓரத்துக்கும் நிழலுக்கும் பின்வரிசைக்கும் போக அவர் கண்ணுக்கு இப்போது நேரம் இருக்கிறது.

அங்கேதான் ஸ்ட்ரீமிங் அவரை ஏமாற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்குச் சராசரி 12 பிட், நொடிக்கு 24 சட்டகம்: நொடிக்குச் சுமார் 60 கோடி பிட். ப்ளூ-ரேயில் படத்துக்கு அதிகபட்சம் நொடிக்கு 4 கோடி பிட் இடம். அதே அளவுப் படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமோ நொடிக்கு 50 லட்சம் பிட். 120இல் ஒரு பங்கு. படத்தைச் சுருக்கி அனுப்பும் கோடெக்குகளில் புதியவை பழையவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானவை என்பதால் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனாலும் மிச்சம் 119 பங்கு எங்கே போனது என்று கேட்கவேண்டும்.

பெரும்பகுதி தேவையே இல்லாதது. கோடெக்கும் நம் மூளையைப் போலவே ஊகிக்கிறது: முந்தைய சட்டகத்திலிருந்து அடுத்ததைக் கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. ஷானனின் பேரப்பிள்ளை அது. தெரிந்ததற்கு ஒரு பிட்கூடச் செலவழிக்காது. சிக்கல், அந்த வித்தியாசத்திலும் எதை விட்டால் கண் கவனிக்காது என்று அது எடுக்கும் முடிவில் இருக்கிறது. நுண்ணிய இழையமைப்பு போகும். இருட்டுக்குள் இருக்கும் மெல்லிய சாயல்கள் போகும். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்கு பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்தார், தேசிய விருதும் பெற்றார். அந்தப் படத்தின் பாதி உணர்ச்சி, முகத்தில் விழும் கொஞ்ச வெளிச்சத்துக்கும் சுற்றியுள்ள இருளுக்கும் நடுவில் இருக்கிறது. இணைய வேகம் குறைந்த இரவில் அப்படிப்பட்ட படத்தைப் பாருங்கள். சுவரில் இருள் படிப்படியாகக் கவிவதற்குப் பதில் வரைபடத்தில் போடும் உயரக் கோடுகளைப்போலப் பட்டை பட்டையாக நிற்கும்.

பிலிமின் துகள் இன்னொரு கஷ்டம். சட்டகத்துக்குச் சட்டகம் தாறுமாறாக மாறும் அதைக் கணிக்க எந்தக் கோடெக்காலும் முடியாது, பிட்டைத் தின்றுவிடும். 2018இல் வந்த ஏவி1 கோடெக்கில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு: அனுப்புமுன் துகளை நீக்கிவிட்டு, அதன் தன்மையை மட்டும் சில எண்களாகக் குறித்து அனுப்பலாம், பெறும் கருவி அதேபோல் தோற்றமளிக்கும் புதுத் துகளைத் தூவிக்கொள்ளும். திரையில் தெரிவது அந்தப் பிலிமின் துகள் அல்ல. எனக்கு இதில் பெரிய மனக்குறை இல்லை. மொழுமொழுவென்று பிளாஸ்டிக் முகங்களைக் காட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

துகளைவிட வேகம் காதில் உறைக்கும். சினிமா நொடிக்கு 24 சட்டகம். பால் முறைத் தொலைக்காட்சி 25. வழக்கமான தீர்வு, படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிக்கட்டாமல் விட்டால் பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். அப்படிப்பட்ட பதிப்பில் ஊறிய காதுக்கு, சரியான வேகத்தில் ஓடும் பாட்டு இழுவையாகக் கேட்கலாம்.

மனப்பாடமான படத்தில் ஒரு வரி குறைந்தால் என்ன ஆகும்? குரங்குகளை வைத்து வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த சோதனைகள் இங்கே ஞாபகத்துக்கு வருகின்றன. சமிக்ஞைக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்தில் பழச்சாறு வரும் என்று பழகிய குரங்குக்கு ஒருநாள் சாறு வராவிட்டால், வந்திருக்கவேண்டிய அதே கணத்தில் டோபமின் நரம்பணுக்களின் துடிப்பு சட்டென்று விழும். எதுவும் நடக்காத கணத்தை மூளை குறித்துவைக்கிறது. டிவியில் பாட்டை வெட்டிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவும்போது, படத்தை அறியாதவர் ஒன்றும் உணராமல் பார்ப்பார்; அறிந்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

இணையத்தில் வெட்டு சத்தமில்லாமல் விழும். ‘ஸ்டார் வார்ஸ்’ 1977இல் வந்தது. ஹான் சோலோவும் கிரீடோவும் சுட்டுக்கொள்ளும் சின்னக் காட்சியை 1997இல் திருத்தினார்கள். 2019இல் டிஸ்னி பிளஸ்ஸில் ஏறியபோது அதே காட்சியில் கிரீடோவின் வாயில் புதிதாக ஒரு சொல் முளைத்திருந்தது. வெளியான அன்றே ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2023இல் கிரைட்டீரியன் சேனலில் ஓடிய ‘த ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தில், நாயகனான போலீஸ்காரர் இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தும் சில நொடிகள் காணாமல் போயிருந்தன. அறிவிப்பு எதுவும் இல்லை. 1971ஆம் ஆண்டுப் படம். முதன்முறை பார்ப்பவருக்கு அங்கே ஏதோ இருந்தது என்று தெரிய வழியே இல்லை. படத்தை முன்பே அறிந்தவர்கள்தான் பிடித்தார்கள்.

வட்டில் அச்சான பதிப்பை இப்படித் தொலைவிலிருந்து மாற்றமுடியாது. ஆனால் வட்டும் நிரந்தரமல்ல; பிரதிபலிக்கும் உலோகப் படலம் காற்றோ ஈரமோ புகுந்தால் அரிக்கும், ஒட்டுப்பசை கெட்டாலும் அரிக்கும். 2006 முதல் 2008 வரை அச்சிட்ட தங்கள் டிவிடிகளில் ஒரு பகுதி இப்படிக் கெட்டுப்போவதை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. சில வட்டுகளில் பார்வைக்குக் குறையே தெரியாது, ஆனால் கருவி பாதியில் நிறுத்திவிடும். கெடுவதற்குள் கணினியில் நகலெடுத்து வைப்பதுதான் வழி என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். அது சட்டப்படி சரியா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.